கவிதைப் பட்டறையும் பலவகை மனங்களும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கட்டணமில்லா மாலைநேர வகுப்பு ஒன்றாக, ஒற்றைக் குழல்விளக்கின் கீழ்த் தொடங்கிய நம் கல்விக் கழகம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இக்கால எல்லைக்குள் இங்கிருந்து ஆசிரியர்கள், செவிலியர்கள், அலுவலர்கள், பொறியாளர்கள் எனப் பலர் உருவாகியிருக்கின்றனர். அவர்தம் வெற்றிகளை எமக்கு முன் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். அவ்வெற்றிப் பட்டியலில் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கின்றனர்.

கடந்த ஓராண்டாக ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை நம் படிப்பகக் கூடத்தில் ஒரு கவிதைப் பட்டறை நடைபெற்று வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத பிள்ளைகள், ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளைகள், பிறர் முகம் பார்த்துப் பேசாத பிள்ளைகள், இவர்களோடு வழக்கம்போல் படித்துவரும் பிள்ளைகள் ஆகிய எல்லோரும் அதில் ஒன்றாக அமர்கின்றனர். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, பரிசும் இல்லை. இப்பட்டறை வரும் ஆண்டும் தொடரவேண்டுமா என்பது செயற்குழுவின் முன் இன்றுள்ள வினா. ‘போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கே கூடம் போதவில்லை, படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குப் பாட்டு எதற்கு?’ என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அவ்வினா தீய எண்ணத்தில் எழுந்ததன்று. எழுத்தறிவுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடிய ஒரு சமூகத்தின் கவலை அதில் ஒலிக்கிறது. ஆதலின் அதற்கு முறைப்படி விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம்.

பன்மை என்னும் கருத்து

மனித மூளை எல்லோருக்கும் ஒரே வகையில் இயங்குவதன்று. சிலருக்கு எழுத்தும் ஒலியும் எளிதில் இணைவதில்லை. இதனை டிஸ்லெக்சியா என்பர். சிலருக்குக் கவனம் ஓரிடத்தில் நிலைகொள்ளாது, உடலும் ஓயாது, இது ஏ.டி.எச்.டி. எனப்படுகிறது. சிலர் ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் பிறரினும் மிகையாகவோ குறைவாகவோ உணர்வர், பேச்சிலும் பழக்கத்திலும் தமக்கென ஒரு வழி வகுத்துக்கொள்வர், இது ஆட்டிசம். இவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுபவை அல்ல. முற்பிறவி வினையின் பயனும் அல்ல. தாயின் வளர்ப்புக் குறையும் அல்ல. மூளை வளர்கின்ற போக்கிலேயே அமைந்துவிடுகின்ற வேறுபாடுகள் இவை.

1990களில் ஆட்டிசம் உடையோர் தங்களுக்குள் நடத்திய உரையாடல்களிலிருந்து ஒரு கருத்து உருப்பெற்றது. உயிரினங்களிடையே பன்மை இருப்பது போன்றே மூளைகளிடையேயும் பன்மை உண்டு. அப்பன்மை மனித இனத்தின் இயல்பு என்பதே அக்கருத்து. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் தம் ஆய்வேட்டில் இதற்கு ‘நியூரோடைவர்சிட்டி’ என்னும் சொல்லைக் கையாண்டார். தமிழில் இதனை நரம்பியற் பன்மை எனலாம்.

உழவை அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று. வெள்ளம் தேங்கும் வயலுக்குக் காட்டுயானம். உவர் நிலத்துக்குக் குழியடிச்சான் என்று நிலமறிந்து நெல்லைத் தேர்ந்தவர்கள் நம் முன்னோர். ஆளுயரத்துக்கு மேல் வளரும் காட்டுயானத்தைப் பார்த்து, ‘நீ ஏன் குட்டை நெல்லைப் போல் நிற்கவில்லை?’ என்று குறைகூறிய உழவர் எவரும் இலர். பிள்ளைகளிடம் மட்டும் அக்குறையை நாள்தோறும் கூறுகிறது உலகம்.

நம் பிள்ளைகளின் இரட்டைச் சுமை

வசதி படைத்த வீட்டுப் பிள்ளை எழுத்துக் கூட்டத் தடுமாறினால், ‘ஏன் தடுமாறுகிறது?’ என்று கேட்கிறார்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். நம் தெருவிலிருந்து வந்த பிள்ளை தடுமாறினால் காரணம் கேட்போர் அரியர். ‘இதுகளுக்கு இவ்வளவுதான் வரும்’ என்னும் பழைய தீர்ப்பு முன்னமே எழுதப்பட்டுக் கிடக்கிறது. இவ்வாறு சாதியின் பொய், மூளையின் உண்மையான ஓர் இடரை மூடி மறைத்துவிடுகிறது. பிள்ளை கடைசி வாங்கில் அமர்கிறது. பிறகு பள்ளிக்கு வராமல் நிற்கிறது. பிறகு செங்கற்சூளைக்கோ கட்டட வேலைக்கோ போகிறது. அதற்கு என்ன தேவைப்பட்டது என்பதை எவரும் இறுதிவரை அறிவதில்லை.

இதற்கு நேர்மாறான அநீதியும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1968-69ஆம் ஆண்டில் பள்ளி மாணவருள் கறுப்பினத்தார் ஏறத்தாழ 9 விழுக்காடு. ஆனால் ‘மனவளர்ச்சி குன்றியோர்’ எனப் பிரித்து வைக்கப்பட்ட வகுப்புகளில் அவர்கள் ஏறத்தாழ 27 விழுக்காடு. நுண்ணறிவு ஈவுத் தேர்வு என்னும் ஓர் அளவுகோலைக் கொண்டே அவர்கள் அங்குத் தள்ளப்பட்டனர். சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கறுப்பினக் குடும்பங்கள் 1971இல் வழக்குத் தொடுத்தன. ‘லாரி பி. எதிர் ரைல்ஸ்’ எனப்படும் அவ்வழக்கில், அத்தேர்வைக் கொண்டு கறுப்பினப் பிள்ளைகளை அவ்வகுப்புகளுக்கு அனுப்பலாகாது என்று நீதிபதி ராபர்ட் பெக்கம் 1979இல் தீர்ப்பளித்தார். ஆக, ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு இருபுறமும் ஆபத்து. உள்ள இடரைக் காணாமல் விடுவது ஒன்று. இல்லாத குறையைத் தலையில் சுமத்துவது மற்றொன்று. இரண்டிலிருந்தும் காப்பது, பிள்ளையை அருகிருந்து அறிதல் ஒன்றே.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இளைஞர் மன்றத்தார் வீடுவீடாகக் கணக்கெடுத்தபோது, ‘இரண்டு பிள்ளைகள்’ என்று சொன்ன வீட்டில் மூன்றாவது பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ‘ஊர்க்காரர்கள் ஏற்கெனவே நம்மைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், இதையும் ஏன் அவர்கள் வாயில் போடவேண்டும்?’ என்றார் அந்தத் தாய். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அவமதிக்கப்பட்டே பழகிய மக்கள், மற்றுமோர் அவமதிப்புக்கு அஞ்சிப் பிள்ளையை மறைக்கின்றனர். எனினும் கதவுக்குப் பின்னால் வளரும் பிள்ளைக்கு அந்த அச்சமே சிறையாகிறது.

பெயரின் கனத்தை நம்மினும் அறிந்தவர் யார்? பிறர் இட்ட இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என வழங்கவேண்டும் என்று எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம் 1922இல் நிறைவேறியது. பெயரை மாற்றுவதற்கே மன்றம் வரை செல்லவேண்டியிருந்த மக்களின் வீடுகளில், ‘மக்கு’, ‘மண்டு’, ‘அரைக்கிறுக்கு’ என்னும் சொற்கள் பிள்ளைகளின் பெயர்களாகப் புழங்குவது பொருந்துமா என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கவிதை எதற்கு?

எழுத்து வராத பிள்ளைக்குக் கவிதை எப்படி வரும் என்று கேட்கலாம். நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். எழுதுகோலைத் தொட்டறியாதவர்கள் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் கட்டினார்கள். இறந்தவரின் பெயரையும் தொழிலையும் குணத்தையும் அந்த நேரத்திலேயே வைத்துப் பாடும் ஒப்பாரி, தேர்ந்த புலமை அல்லவா? நூற்றாண்டுகளாக எழுத்து மறுக்கப்பட்ட காலத்திலும் நம் மக்களிடம் கவிதை இருந்தது. எழுத்து நமக்கு வந்தே தீரவேண்டிய உரிமை, அதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஆயினும் கவிதைக்குள் நுழைய எழுத்து ஒன்றே வாயில் அன்று.

அடுத்து, ஒலியின் பயிற்சி. ஆங்கில நாட்டு உளவியலாளர்களான லினெட் பிராட்லி, பீட்டர் பிரயண்ட் ஆகிய இருவரும் நானூறு சிறாரை ஆராய்ந்து 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். படிக்கத் தொடங்கும் முன்பே சொற்களின் முதல் ஒலி, இடை ஒலி, இறுதி ஒலி ஆகியவற்றுள் ஒத்தவற்றையும் ஒவ்வாதவற்றையும் பிரித்தறியும் பிள்ளைகள் பின்னர் நன்கு படிக்கின்றனர் என்றும், அத்திறனைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்றும் அவர்கள் கண்டனர். முதலெழுத்து ஒன்றினால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. இறுதி ஒன்றினால் இயைபு. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்ததை நம் தமிழ் யாப்பு விளையாட்டாகவே வைத்திருக்கிறது. டிஸ்லெக்சியா உடைய பிள்ளைக்குப் பெரும்பாலும் தடுமாற்றம் நேர்வது இவ்வொலிப் பகுப்பில்தான். ஆகவே எதுகையும் மோனையும் அப்பிள்ளைக்கு அலங்காரம் அல்ல, பயிற்சி.

பட்டறையின் முதல் நாளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் கைதட்டி அசை பிரிக்கிறோம். மாலா என்றால் தேமா. குமரன் என்றால் புளிமா. கண்மணி என்றால் கூவிளம். திருமகள் என்றால் கருவிளம். தன் பெயருக்குள் ஒரு மரத்தின் பெயர் இருப்பதை அறிந்து மகிழாத பிள்ளையை நாங்கள் பார்த்ததில்லை. எழுத்து ஒன்றும் அங்குத் தேவைப்படவில்லை. கையும் காதும் போதும்.

மேலும், நம் எழுத்துமுறையின் நுட்பத்தையும் கருதவேண்டும். ‘கெ’ என எழுதும்போது, ஒலிப்பில் பின்னே வரும் உயிரின் குறி எழுத்தில் முன்னே நிற்கிறது. ‘கொ’ எனில் குறி மெய்யை இருபுறமும் சூழ்கிறது. பழகியவர்க்கு இது தோன்றாது. தடுமாறும் பிள்ளைக்கு இது ஒரு மதில். பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றபோது, ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் தனிவடிவங்கள் நீங்கிக் கற்றல் எளிதாயிற்று. கற்போரின் நலத்துக்காக எழுத்தே வளைந்து கொடுத்த மொழி இது. கற்பிக்கும் முறை வளையக்கூடாதா?

ஆட்டிசம் உடைய பிள்ளைகள் சிலர் கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வர். முன்னாளில் இதனைப் பொருளற்ற பிதற்றல் என்று கருதி அடக்கினர். பாரி பிரிசான்ட், ஜூடித் டுசான் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு திருப்பிச் சொல்வதற்கும் கேட்டல், மறுமொழி கூறல், தன்னைத் தானே நெறிப்படுத்தல் முதலிய பயன்கள் உண்டு என்று காட்டினர். கவிதையிலோ, திரும்ப வருதல் குற்றமே அன்று. ஓர் அடியின் இறுதியை அடுத்த அடியின் தொடக்கமாக்கும் அந்தாதி நம் மொழியின் பெருமைகளுள் ஒன்று. வகுப்பறையில் குறையாகத் தெரிந்தது கவிதைக் கூடத்தில் தொடையாகிறது.

ஓரிடத்தில் அமராத பிள்ளைக்கு என்ன வழி? நம்மிடம் பறை இருக்கிறது. அடி என்பது செய்யுளுக்கும் உரிய சொல். காலுக்கும் உரிய சொல். பறைக்கும் உரிய சொல். அசை என்பது யாப்பின் உறுப்பு, அசைதலும் அதுவே. அசைந்துகொண்டே சொற்களைக் கோக்கலாம் என்று மொழியே இடம் தருகிறது.

பர்மிங்காம் தந்த கவிஞர்

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வாழ்வை எடுத்துக்காட்டுகிறோம். பெஞ்சமின் செபனாயா 1958இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பினப் பெற்றோரின் மகன். பள்ளியில் அவருக்கு எழுத்து வசப்படவில்லை. பள்ளிகள் அவரை வெளியேற்றின; 13 வயதில் பள்ளி வாழ்வு முடிந்தது. பின்னர்ச் சீர்திருத்தப் பள்ளியும் சிறையும் கண்டார். ஆனால் கவிதை அவர் தலைக்குள் சிறுவயதிலேயே இருந்தது. பத்துப் பதினொரு வயதில் அவர் சொன்ன கவிதைகளை அவருடைய சகோதரி எழுதிவைத்தார். 21 வயதில் முதியோர் கல்வி வகுப்பு ஒன்றில் சேர்ந்தபோதுதான் தமக்கு டிஸ்லெக்சியா உண்டு என்பதை அவர் அறிந்தார்.

1980இல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. மேடையில் தாளத்தோடு சொல்லப்படும் கவிதையை அவர் நாடெங்கும் கொண்டுசென்றார். நாவல்களும் சிறுவர் நூல்களும் எழுதினார். 2003இல் பிரித்தானியப் பேரரசின் பெயரால் அளிக்க முன்வந்த விருதை, அப்பெயரில் அடிமை வரலாறு ஒலிக்கிறது என்று கூறி மறுத்தார். 2011இல் லண்டனில் உள்ள புரூனல் பல்கலைக்கழகத்தில் கவிதைத்துறைப் பேராசிரியரானார். 2023 டிசம்பரில் மறைந்தார்.

நாம் இதிலிருந்து அறியவேண்டியது, எல்லாப் பிள்ளைகளும் பேராசிரியர் ஆவர் என்பதன்று. அவர் சொன்னதை எழுதிக்கொள்ள வீட்டில் ஒரு சகோதரி இருந்தார் என்பதே நமக்குரிய பாடம். அந்தச் சகோதரியின் இடத்தில் ஒரு சமூகம் அமரலாம். அதுவே பட்டறை.

பட்டறை நடைபெறும் முறை

தமிழிலும் இதற்கு முன்னோடி உண்டு. இரட்டைப் புலவர் இருவருள் ஒருவர்க்குக் கண்ணில்லை. மற்றவர்க்கு நடக்க இயலாது. ஒருவர் மற்றவரைத் தோளில் சுமக்க, அவர் வழி சொல்ல, ஒருவர் வெண்பாவின் முன்பாதியைப் பாட மற்றவர் பின்பாதியை முடித்தார் என்று வழிவழியாகக் கூறுவர். அவ்வாறே பட்டறையில் இருவர் இருவராக அமர்த்துகிறோம்; ஒருவர் சொல்வார், மற்றவர் எழுதுவார்.

நாங்கள் கைக்கொள்ளும் நெறிகள் சில. முதலாவது, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. இரண்டாவது, நேரமும் இடமும் நிகழ்வுகளின் வரிசையும் மாறுவதில்லை. அன்று நடக்கவிருப்பவற்றைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டிவிடுகிறோம். மூன்றாவது, பறை கூடத்துக்குள் அன்று, வெளியே வேப்பமரத்தடியில். ஏனெனில் பேரொலி தாங்காத பிள்ளைகள் உளர். நான்காவது, ‘என் முகத்தைப் பார்த்துப் பேசு’ என்று எவரும் வற்புறுத்தலாகாது. ஐந்தாவது, எழுதுபவர் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதவேண்டும், திருத்துதல் கூடாது. ஆறாவது, பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம். அதுவும் ஒரு விடையே. ஏழாவது, பிள்ளையும் பெற்றோரும் இசைந்தாலன்றிக் கவிதையையோ படத்தையோ வெளியிடுவதில்லை. இரக்கம் தேடுவதற்காக எந்தப் பிள்ளையையும் மேடையேற்றுவதில்லை.

கட்டணமில்லை என்பது பற்றியும் ஒரு சொல். தனியார் பயிற்சிகளுக்கு ஆகும் செலவு கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எட்டாதது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். விலையையே பெயரில் தாங்கி, எளியவன் கைக்கு அறிவு எட்டவேண்டும் என்று அது அறிவித்தது. இலவசம் என்பது கொடுப்பவரின் கருணை அன்று. கூட்டாகச் சேர்த்த செல்வத்தில் அனைவருக்கும் உள்ள பங்கு.

நாங்கள் கண்டவை

பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பேருந்துகளின் நேரத்தையே ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பான். வீட்டார் அதட்டி அடக்குவர். பட்டறையில் அவனுக்கு எழுதுபவராக அமர்ந்த கல்லூரி மாணவி, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்:

காலை ஐந்து ஐம்பது டவுன் பஸ்
ஆறு நாற்பது அப்பா பஸ்
மதியம் ரெண்டு பத்து மினி பஸ்
ராத்திரி எட்டு நாற்பது கடைசி பஸ்
அப்பா இல்லாத பஸ்

அவன் தந்தை திருப்பூருக்கு வேலைக்குப் போனவர். பண்டிகைக்கு மட்டுமே வருபவர். ‘அவர் போனதே இவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம்’ என்றார் தாய். அதன்பின் ஞாயிறு இரவுகளில் தந்தை தொலைபேசியில் அழைக்கிறார். அடுத்து எந்தப் பேருந்தில் வருவார் என்று நேரத்தோடு சொல்கிறார். அந்த வீட்டில் ஒரு கவிதை செய்த வேலை அது.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி, பாடநூலின் ஒரு பத்தியைப் படிக்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்வாள். ஆனால் பாட்டியின் நடவுப் பாட்டுகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் வாயால் கட்டியது இது:

ஆயா கையில சேறு காஞ்சா
கோடு கோடா எழுத்திருக்கும்
அந்த எழுத்தப் படிச்சவங்க
ஊருக்குள்ள யாருமில்ல

எழுதப்பட்ட தாளை அவள் கையில் தந்தோம். தான் சொன்ன சொற்கள் என்பதால் அவற்றைத் தயக்கமின்றிப் படித்தாள். நியூசிலாந்தில் மாவோரி இனப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், பிள்ளையின் உள்ளத்திலிருந்து வரும் சொல்லையே அதன் முதற்பாடமாக்க வேண்டும் என்று 1963இல் வெளிவந்த ‘ஆசிரியர்’ என்னும் நூலில் விளக்கினார். அம்முறையின் பயனை நாங்கள் கண்ணாரக் கண்டோம். அச்சிறுமி பாடநூலில் இன்றும் தடுமாறுகிறாள், அதனை மறைப்பதற்கில்லை. ஆனால் தாளைக் கண்டு அஞ்சுவதில்லை.

இடையில் வந்து நின்றுவிட்ட பிள்ளைகளும் இருவர் உண்டு. கவிதை எல்லோருக்கும் பொருந்தும் மருந்தன்று. ஒருவனுக்குப் படம் வரைதல் பிடிக்கும். ஒருத்திக்கு ஆடு மேய்த்தலில் அறிவு விளங்கும். பன்மை என்று பேசுவோர் இதையும் ஏற்கவேண்டும்.

கொண்டாட்டம் என்பதன் பொருள்

பன்மையைக் கொண்டாடுகிறோம் என்கிறோமே, இரவெல்லாம் உறங்காத பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் கொண்டாட்டம் என்று சொல்வது முறையா? முறையே, ஆனால் பொருளறிந்து சொல்லவேண்டும். இடர் இல்லை என்று நடிப்பது கொண்டாட்டம் ஆகாது. வலிப்பு வரும் பிள்ளைக்கு மருந்து வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும். சோர்ந்த தாய்க்கு இரண்டு மணி நேர ஓய்வு வேண்டும். பிள்ளையைக் கதவுக்குப் பின்னாலிருந்து முன்னுக்குக் கொணர்ந்து, ‘இவன் எங்கள் பிள்ளை, இவன் சொல்லையும் கேளுங்கள்’ என்று கூறுவதே கொண்டாட்டம்.

கவிதையோடு சட்டத்தையும் நாம் கற்கவேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை மாற்றுத்திறனையே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அவற்றுள் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா அடங்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. 40 விழுக்காட்டுக்குக் குறையாத அளவு எனச் சான்று பெற்றோர்க்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வியும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டு இடமும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டு இடமும் அச்சட்டம் தருகிறது. அந்நான்கில் ஒன்று, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அடங்கிய பிரிவினருக்கு உரியது. இவ்வொதுக்கீடு கிடைமட்டமானது, பட்டியலினத்தவர்க்குரிய ஒதுக்கீட்டை இதன் பொருட்டு எவரும் இழக்கவேண்டியதில்லை. பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகளை, உரிய மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாகக் கோரலாம். வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரை அணுகுவது முதற்படி. இச்சலுகைகள் நகரத்துப் பெரிய பள்ளிகளின் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்க, நம் தெருப் பிள்ளைகள் இவற்றின் பெயரைக்கூட அறியாதிருப்பது இனியும் நீடித்தல் ஆகாது.

எங்கள் வேண்டுகோள்

இனி, பெரியவர் கேட்ட வினாவுக்கு வருவோம். போட்டித் தேர்வு வகுப்பா, கவிதைப் பட்டறையா என்று இரண்டையும் எதிரெதிர் நிறுத்தவேண்டியதில்லை. தேர்வு வகுப்பு ஞாயிறு மூன்று மணியுடன் முடியட்டும். அவ்வகுப்பு இளைஞர்கள் மாதத்தில் இரண்டு ஞாயிறு பட்டறையில் எழுதுபவராக அமரட்டும். நாளை அலுவலராக மேசையின் மறுபுறம் அமரப்போகிறவர்கள் அவர்கள். திக்கித் திக்கிப் பேசும் ஒருவரின் சொல்லைப் பொறுமையோடு கேட்டு, சொன்னபடியே எழுதக் கற்ற அலுவலரைவிட மக்களுக்கு வேண்டியவர் எவர்?

இரண்டாவதாக, இளைஞர் மன்றத்தார் மீண்டும் ஒருமுறை வீடுவீடாகச் செல்லட்டும். எண்ணிக்கை கேட்பதோடு நில்லாமல், பட்டறைக்கு அழைப்பும் கொண்டு செல்லட்டும். மூன்றாவதாக, மேற்சொன்ன உரிமைகளை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டிலும் சேர்க்கட்டும். அச்சுச் செலவைக் கழகம் ஏற்கவேண்டுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் தொடங்கிய கல்வி நிறுவனத்துக்கு மக்கள் கல்விக் கழகம் என்று பெயரிட்டார். மக்கள் என்னும் சொல் தேர்ச்சி பெற்றோரை மட்டும் குறிப்பதன்று. முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையும், பேருந்து நேரம் சொல்லும் பிள்ளையும் அச்சொல்லுக்குள் சமமாக அடங்குவர். பிறப்பைக் காட்டி ‘உனக்கு வராது’ என்று சொன்னவர்களை எதிர்த்து எழுந்த கழகம் இது. மூளையின் அமைப்பைக் காட்டி அதே சொல்லை நாம் ஒரு பிள்ளையிடம் சொல்லாதிருப்போமாக. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குப் படிப்பகக் கூடம் திறந்திருக்கும். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்க இயலும் இளைஞர்கள் எழுதுகோலோடு வாருங்கள்.